ஆர்ட்வெரிக்கி கேட் லாட்ஜ்: வாசலில் ஒரு குட்டிக் கோட்டை எதற்கு?

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பகுதியில், ஸ்பீன் பிரிட்ஜிலிருந்து கிழக்கே ஏ86 சாலையில் போனால் வலப்பக்கம் லாகன் ஏரி கூடவே வரும். ஏரி முடிகிற இடத்தில், பாட்டக் ஆறு வந்து சேருகிற பக்கமாக, திடீரென்று ஒரு குட்டிக் கோட்டை கண்ணில் படும். கருங்கல் சுவர், உருண்டையான ஒரு கோபுரம், அதன் தலையில் கூம்புக் கூரை, பக்கத்தில் கேட், ஆற்றின் மேல் ஒரு கல் பாலம். தெரியாதவர்கள் இதுதான் ஏதோ பிரபுவின் அரண்மனை என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டிப் படம் எடுப்பார்கள். அரண்மனை இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி, ஏரியின் தென்கரையில், மரங்களுக்குள் இருக்கிறது. இது ஆர்ட்வெரிக்கி என்ற எஸ்டேட்டின் வாசலில் கேட்டைத் திறந்து மூடும் ஆள் குடியிருக்கக் கட்டிய வீடு. நம் ஊர்க் கணக்கில் வாட்ச்மேன் ரூம்.

வாட்ச்மேன் ரூமுக்கு எதற்குக் கோபுரம் என்ற கேள்வியிலிருந்துதான் இந்த ஆய்வே ஆரம்பம். ஸ்காட்லாந்தில் பெரிய எஸ்டேட்டுகளின் வாசல்களில் இப்படிப்பட்ட வாயில் வீடுகள் நிறைய உண்டு. ஆர்ட்வெரிக்கியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இந்த வகைக் கட்டடம் ஏன் வந்தது, யார் காசில் வந்தது, வேலை போன பிறகும் எப்படிப் பிழைத்தது என்ற மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க முடிகிறது என்பதுதான்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 16, 17ம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்து நிலப்பிரபுக்கள் வாழ்ந்தது உயரமான கல் கோபுர வீடுகளில். அந்தச் சுவரே காவல், தனியாக வாயில் வீடு தேவைப்படவில்லை. 18ம் நூற்றாண்டில் நாடு அடங்கி, நிலத்தைச் சுற்றி மதில் எழுப்பி, உள்ளே பூங்கா மாதிரி மரம் வைத்து, வீட்டுக்குப் போகும் பாதையை வேண்டுமென்றே வளைத்து நெளித்துப் போடுகிற பழக்கம் வந்தபோதுதான், பொதுச் சாலையும் சொந்தப் பாதையும் சந்திக்கும் புள்ளி முக்கியமானது. அங்கே ஒரு கேட், கேட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு வீடு.

ஆரம்பகால வாயில் வீடுகள் பெரும்பாலும் ஜோடி. சாலையிலிருந்து பார்க்கும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது அன்றைய கட்டடக்கலை ருசி. அதனால் கேட்டின் இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி என்று கட்டிவிட்டார்கள். ஒரு பெட்டியில் ஒரு குடும்பம் அடங்காது. ஆகவே ஒன்றில் சமைத்துச் சாப்பிட்டு, மழையோ பனியோ பாதையைத் தாண்டி மற்றதில் போய்ப் படுத்த குடும்பங்கள் இருந்தன. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் அந்தப் பாதையைக் கடந்த பெண்களைப் பற்றி வரைபடம் போட்டவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை. வெளியே இருந்து வண்டியில் வருபவர் கண்ணுக்காக வரைந்தது அது. என் வாதமே இதுதான்: வாயில் வீடு குடியிருப்பவருக்காகக் கட்டப்பட்டதே இல்லை. அதனுடைய கஷ்டங்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவை, அது பிழைத்துக் கிடப்பதும் அதனால்தான்.

ஆர்ட்வெரிக்கிக்கு வருவோம். இந்தப் பக்கத்து நிலம் எல்லாம் ஒரு காலத்தில் மக்பெர்சன் குலத்தின் தலைவர்களான குளூனி மக்பெர்சன்களுடையது. ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணையில் ஏற்ற நடந்த 1745 கிளர்ச்சி தோற்ற பிறகு இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் 1746ல் பிரான்சுக்குத் தப்பும் முன் ஒளிந்திருந்த பென் ஆல்டர் மலை இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. அவரை ஒளித்து வைத்தவரும் ஒரு குளூனி மக்பெர்சன்தான். அடுத்த நூறு வருஷத்தில் கதை தலைகீழாகிவிட்டது. 1840 வாக்கில் அதே நிலத்தில் அபர்கார்ன் மார்க்குவிஸ் என்ற பிரபு குத்தகைக்கு வந்து மான் வேட்டைக்காக வீடு கட்டுகிறார், 1847ல் அந்த வீட்டில் விக்டோரியா மகாராணியே குடும்பத்தோடு வந்து தங்குகிறார்.

அந்தத் தங்கல் ஆர்ட்வெரிக்கியின் தலையெழுத்தை மாற்றியிருக்க வேண்டியது. மகாராணி ஹைலேண்ட்ஸில் சொந்தமாக ஒரு இடம் தேடிக்கொண்டிருந்த நேரம். ஆனால் அவர் இருந்த நாட்களில் மழை விடவே இல்லை. அதே சமயம் அரச மருத்துவர் ஜேம்ஸ் கிளார்க்கின் மகன் கிழக்கே பால்மோரலில் தங்கியிருந்தார், அங்கே வானம் தெளிவாக இருந்தது என்ற செய்தி வந்தது. அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும், அரச குடும்பம் 1848ல் பால்மோரலுக்குப் போனது, 1852ல் அதை வாங்கியது. மழை மட்டும் கொஞ்சம் கருணை காட்டியிருந்தால் பாட்டக் ஆற்றுப் பாலத்தில் இன்றைக்கு ஆயுதப் போலீஸ் நின்றிருக்கும், யாரும் அங்கே வண்டியை ஓரம் கட்ட முடியாது.

1871ல் எஸ்டேட்டை வாங்கியவர் ஜான் வில்லியம் ராம்ஸ்டன். ஸ்காட்லாந்துக்காரர் இல்லை, யார்க்‌ஷயர் பிரபு. ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஜவுளி நகரத்தின் பெரும்பகுதி நிலம் அவர் குடும்பத்துக்குச் சொந்தம். ஒரு ஊரையே வைத்திருப்பது என்றால் எவ்வளவு என்று புரிய ஒரு தகவல்: 1920ல் அந்த நகராட்சி ராம்ஸ்டன்களிடமிருந்து தன் ஊரைத் தானே விலைக்கு வாங்கியது, சுமார் 13 லட்சம் பவுண்டுக்கு. இப்படிப்பட்ட ஆள் ஆர்ட்வெரிக்கிக்கு வந்த இரண்டாம் வருஷம், 1873ல், வீடு தீக்கிரையானது. மகாராணி தங்கிய காலத்திலேயே ஓவியர் லாண்ட்சீர் சுவரில் வரைந்து வைத்திருந்த மான்களும் அதோடு போயின. இன்வெர்னெஸ்காரரான ஜான் ரைண்ட் என்ற கட்டடக்கலைஞரை வைத்து, 1874 முதல் 1878 வரை, இப்போது நாம் பார்க்கும் பெரிய மாளிகையை எழுப்பினார் ராம்ஸ்டன்.

பாணி ஸ்காட்டிஷ் பரோனியல். பழைய கோபுர வீடுகளின் கூறுகளை, அதாவது மூலையில் தொங்கும் சிறு கோபுரம், கூம்புக் கூரை, படிப்படியாக ஏறும் முக்கோணச் சுவர் எல்லாவற்றையும், பாதுகாப்புத் தேவை எதுவும் இல்லாமல் அழகுக்காக ஒட்டிக்கொள்வது. 1850களில் பால்மோரலைப் புதிதாகக் கட்டிய பிறகு, ஹைலேண்ட்ஸில் இடம் வாங்கிய பணக்காரர்கள் எல்லோருக்கும் இதுதான் வேண்டியிருந்தது. ஆர்ட்வெரிக்கியின் வாயில் வீடும் அதே அச்சில் வார்த்தது. கல்யாண வீடு எது என்று வாசலில் கட்டிய வாழைமரமே சொல்லிவிடுவது மாதிரி, உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சாலையிலேயே சொல்லிவிட வேண்டும்.

சாலை என்றால் அன்றைக்கு யார் வருவார்கள்? லாகன் வழியாகப் போகும் சாலை 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் டெல்ஃபோர்டின் மேற்பார்வையில் போடப்பட்டது. 1863ல் பெர்த்திலிருந்து வடக்கே ரயில் வந்து டால்வின்னி, கிங்குஸி நிலையங்கள் திறந்த பிறகு லண்டனிலிருந்து வேட்டைக்கு வருகிறவர்களுக்கு வழி சுலபமாகிவிட்டது. ராத்திரி ரயிலில் ஏறிக் காலையில் இறங்கி, குதிரை வண்டியில் ஈரத்தோடும் பசியோடும் வருகிற விருந்தாளி முதலில் பார்ப்பது இந்தக் கோபுரத்தை. இங்கிருந்து பாலம் தாண்டி ஏரிக்கரை மணலை ஒட்டிப் பாதை போகும். ஏரியின் இந்தத் தலைப்பக்கம் கடற்கரை போலவே ஒரு நீண்ட மணல்திட்டு இருக்கிறது, மலைநடுவில் அதைப் பார்க்க விசித்திரமாக இருக்கும். அப்புறம் மரங்கள், அப்புறம்தான் மாளிகையின் கோபுரங்கள். மொத்தப் பயணமும் திட்டமிட்ட காட்சி, வாயில் வீடு அதில் முதல் காட்சி.

சரி, உள்ளே இருந்தவர்கள்? இதுதான் எனக்கு முக்கியமான பகுதி, இதைப் பற்றித்தான் குறைவாக எழுதியிருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்து எஸ்டேட்டுகளில் பொதுவாக இருந்த ஏற்பாடு இது: கணவன் எஸ்டேட்டில் தோட்டக்காரனாகவோ மரம் வெட்டுபவனாகவோ வண்டிக்காரனாகவோ இருப்பான், காலையில் போனால் சாயங்காலம்தான் வருவான். வீடு கிடைப்பது அவன் வேலையின் பேரில். கேட்டைப் பார்த்துக்கொள்வது மனைவி. மாவு பிசைந்துகொண்டிருந்தாலும் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாலும் சக்கரச் சத்தம் கேட்டால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து திறந்து, ஒதுங்கி நின்று, வண்டி போனதும் மூடவேண்டும். பல இடங்களில் இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, வாடகை இல்லாத வீடே கூலி. எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒருவர் செத்துப்போனால் அவர் விதவையை வாயில் வீட்டில் வைப்பதும் உண்டு. அது கருணைதான், ஆனால் எஸ்டேட்டுக்கு மலிவான காவலும் கூட. வேலை போனால் வீடும் போகும் என்பதால் எதிர்த்துப் பேசவும் முடியாது. தோட்ட லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

வீடு எப்படி இருக்கும்? வெளியே கோபுரம் என்றால் உள்ளே வளைந்த சுவர். வளைந்த சுவரில் அலமாரி ஒட்டாது, கட்டில் ஒட்டாது. சுவரின் கனம் அறையைத் தின்றுவிடும். ஜன்னல் சின்னது, ஏனென்றால் கோட்டைக்குப் பெரிய ஜன்னல் பொருந்தாது. பரோனியல் பாணி வாயில் வீடுகளில் இந்தக் குறைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது: 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் முதல்முறையாக ஜன்னல் உள்ள அறைகளை எண்ணினார்கள், அப்போது நாட்டின் வீடுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு இருந்தது ஒரே ஒரு அறை. கிளாஸ்கோ ஒற்றை அறைகளோடு ஒப்பிட்டால் ஓடு போட்ட கூரையும் உறுதியான சுவரும் காற்றும் உள்ள வாயில் வீடு நல்ல வீடுதான். கோபுரத்துக்குச் செலவழித்த காசில் இன்னொரு படுக்கையறை கட்டியிருக்கலாமே என்பதுதான் என் குறை.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் நாம் எதிர்பார்க்காத இடத்தில் கொண்டுபோய் விடும். ராம்ஸ்டன் குடும்பத்துக்கு ஹடர்ஸ்ஃபீல்டு மட்டும் இல்லை. ராம்ஸ்டனின் சகோதரியை மணந்த எட்வர்ட் ஹார்ஸ்மன் என்ற எம்.பி. மலாயாவில், பினாங்குக்கு எதிர்க்கரையான புரோவின்ஸ் வெல்லஸ்லியில், கரும்புத் தோட்டங்களில் பணம் போட்டிருந்தார். 1876ல் அவர் இறந்த பிறகு அவை ராம்ஸ்டன் கைக்கு வந்தன. பினாங்கு சுகர் எஸ்டேட்ஸ் என்று பெயர், நிபோங் தெபால் பக்கத்திலுள்ள கலிடோனியா எஸ்டேட் அதில் முக்கியமானது. அங்கே வெட்டியதும் சுமந்ததும் பெரும் பங்கு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போன தமிழர்கள், ஒப்பந்தக் கூலிகளாக. 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது, ஆட்கள் தமிழர்களாகவே தொடர்ந்தார்கள். கலிடோனியாவில் 99 கதவு மாளிகை என்று ஊர் மக்கள் சொல்லும் பாழடைந்த பங்களா இன்றும் உண்டு. ராம்ஸ்டன் குடும்பத்து ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் 1948ல் அங்கே கொலை செய்யப்பட்டார்.

ஆர்ட்வெரிக்கி வாயில் வீட்டின் இந்தக் கல்லுக்கு அந்தக் கரும்புக் காசு என்று யாரும் கணக்குக் காட்ட முடியாது. வீடு கட்டியபோது ஹடர்ஸ்ஃபீல்டு வாடகையே போதும் போதும் என்று வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரே குடும்பத்தின் கணக்குப் புத்தகங்களில் ஹைலேண்ட்ஸ் மான் காடும் புரோவின்ஸ் வெல்லஸ்லித் தோட்டமும் சேர்ந்தே இருந்தன, இரண்டு இடத்திலும் வேலையோடு வீடு, வேலை போனால் வீடு காலி என்பதே விதி. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

20ம் நூற்றாண்டு பெரிய வீடுகளுக்குக் கெட்ட காலம். வாரிசு வரி, போர்க்காலத்தில் ராணுவம் புகுந்து சீரழித்த அறைகள், வேலைக்காரர் கிடைக்காமை, அப்புறம் கூரை இருந்தால் கட்ட வேண்டிய உள்ளூர் வரி. வரிக்குப் பயந்து கூரையைப் பிரித்துவிட்டுச் சுவர்களை மழையில் விட்டவர்கள் பலர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்காட்லாந்தில் நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. ஆங்கஸில் பன்மியூர் மாளிகையை 1955ல் வெடி வைத்தே தகர்த்தார்கள். அந்த எஸ்டேட்டின் மேற்கு வாயிலுக்குப் பழைய கதை ஒன்று உண்டு: அதே ஸ்டூவர்ட் வம்சத்துக்காக 1715ல் நடந்த ஜாக்கபைட் கிளர்ச்சியில் தோற்ற பன்மியூர் பிரபு நாட்டை விட்டுப் போகும்போது, தான் திரும்பும்வரை திறக்கக் கூடாது என்று மூடச் சொன்னாராம். அவர் 1723ல் பாரிஸில் இறந்தார். இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பகுதியில் டிராக்வேர் எஸ்டேட்டின் கரடி வாயிலும் இதே ரகம், ஸ்டூவர்ட் மன்னர் ஒருவர் முடிசூடும்வரை திறப்பதில்லை என்று 1745ல் மூடியதாகச் சொல்லி இன்றுவரை மூடியே வைத்திருக்கிறார்கள். கேட் இருப்பதே திறக்கத்தான் என்று நினைத்தால் தப்பு, யாருக்குத் திறக்க மாட்டோம் என்று காட்டவும்தான்.

கவனிக்க வேண்டியது, மாளிகை போன பல எஸ்டேட்டுகளில் வாயில் வீடு நின்றுகொண்டிருக்கிறது. காரணம் சுலபம். நூறு அறை வீட்டை யாரும் வாங்க மாட்டார்கள், நாலு அறை வீட்டை யாரும் வாங்குவார்கள். அது சாலையோரம் வேறு இருக்கிறது, தண்ணீரும் மின்சாரமும் கொண்டுவரச் செலவு குறைவு. அதனால் கஷ்டம் வந்த எஸ்டேட்டுகள் முதலில் விற்றது வாயில் வீடுகளைத்தான். இன்று ஸ்காட்லாந்தில் சாலையோரம் தனியாக ஒரு குட்டிக் கோட்டையும் அதன் பின்னால் வெறும் மாட்டுப் புல்வெளியும் இருந்தால், அங்கே ஒரு காலத்தில் மாளிகை இருந்திருக்கும் என்று தாராளமாக ஊகிக்கலாம்.

ஆர்ட்வெரிக்கியில் இரண்டும் பிழைத்தன. சுமார் 38,000 ஏக்கர் எஸ்டேட் இன்னும் அந்தக் குடும்பத்து வழித்தோன்றல்கள் கையில்தான். மானும் மரமும் மட்டும் இதற்குச் சோறு போடாது. 2000 முதல் 2005 வரை பிபிசியில் ஓடிய ‘மோனார்க் ஆஃப் த க்ளென்’ தொடர் இங்கே எடுக்கப்பட்டதும் ஊரே பார்க்க வந்தது. விக்டோரியாவுக்குப் பிடிக்காமல் போன இடத்தில் பிறகு எழுந்த இந்த மாளிகை பின்னாளில் ‘த க்ரௌன்’ தொடரில் பால்மோரலாக நடித்தது என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. வாயில் வீடு விடுமுறைக்கு வாடகைக்கு விடப்படுகிறது. காவல்காரர் மனைவி ஓடி வந்து கேட் திறந்த இடத்தில், காசு கொடுத்துத் தங்க வருபவர்கள் தாங்களே இறங்கித் திறந்துகொள்கிறார்கள்.

பராமரிப்பு பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வு முடியாது, ஏனென்றால் பார்ப்பதற்காகக் கட்டியதன் விலை இங்கேதான் தெரியும். இந்தப் பாணிக் கட்டடத்தில் தண்ணீர் புகும் இடங்கள் தெளிவானவை. ஒன்று, கூம்புக் கூரை பிரதான கூரையோடு சேரும் மடிப்பு. அங்கே ஈயத் தகடு மடித்து வைத்திருப்பார்கள், அது ஒரு இடத்தில் விரிந்தாலே போதும், உள்ளே சுவர் பூராவும் ஈரம். இரண்டாவது, படிப்படியான முக்கோணச் சுவர். ஒவ்வொரு படியும் ஒரு தனிக் கல், இரண்டு படிக்கு நடுவில் ஒரு இணைப்பு, மழை அடிக்கும் திசையில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு வாய். சாதாரணச் சரிவுக் கூரைக்கு இந்தத் தொல்லையே கிடையாது. 20ம் நூற்றாண்டில் நல்லது செய்வதாக நினைத்து இந்த இணைப்புகளில் சிமெண்ட் பூசியவர்கள் நிலைமையை இன்னும் மோசமாக்கினார்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டி வைக்கும், பனிக்காலத்தில் அந்த நீர் உறைந்து கல்லின் முகமே உதிரும். இப்போது விவரம் தெரிந்தவர்கள் சிமெண்டைச் செதுக்கி எடுத்துவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பு வைக்கிறார்கள்.

கூரைப் பலகைக்கல்லுக்கும் தட்டுப்பாடு. மேற்கு ஹைலேண்ட்ஸ் கூரைகளுக்கு வழக்கமாகக் கல் கொடுத்த பாலஹூலிஷ் கல்குவாரி 1955ல் மூடப்பட்டுவிட்டது. அந்த நிறமும் கனமும் வேண்டுமென்றால் இடித்த கட்டடத்திலிருந்து பழையதைத்தான் வாங்க வேண்டும். அப்புறம் கேட்டின் அகலம். இரட்டைக் குதிரை வண்டிக்கு அளந்து வைத்த தூண்களுக்கு நடுவே மரம் ஏற்றிய லாரி எப்படி நுழையும்? இப்படிப்பட்ட எஸ்டேட்டுகள் பலவற்றில் லாரிக்கு வேறு பாதை வெட்டிவிட்டு, பழைய வாயிலை விருந்தாளிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். செய்யாத இடங்களில் தூணின் மூலைக் கல்லில் உரசிய தடம் இருக்கும்.

சட்டப்படி ஸ்காட்லாந்தில் பழைய கட்டடங்களுக்கு ஏ, பி, சி என்று மூன்று பாதுகாப்பு வகைகள். பட்டியலை வைத்திருப்பது 2015ல் உருவான ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து, மாற்றங்களுக்கு அனுமதி தர வேண்டியது உள்ளூர்த் திட்ட அதிகாரம். மாளிகை பட்டியலில் இருந்தால் அதன் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன் கட்டியவையும் பாதுகாப்புக்குள் வரும். ஆனால் மாளிகையிலிருந்து ரொம்பத் தள்ளி, தனிச் சொத்தாக விற்கப்பட்டுவிட்ட வாயில் வீடு ‘வளாகம்’ ஆகுமா என்பது வாக்குவாதத்துக்குரியது, அதனால் தனியாகவே பட்டியலில் சேர்ப்பதுதான் உத்தமம். வாடகைக்கு விடுபவர்களுக்கு 2022 உத்தரவின்படி குறுகியகாலத் தங்கல் உரிமம் வேறு வேண்டும், ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2023 அக்டோபர் 1. சின்ன எஸ்டேட்டுகள் இதற்குப் புலம்பின. எனக்கு அவ்வளவாகப் பரிதாபம் வரவில்லை, பக்கத்து ஊரில் வேலை பார்க்கிறவர்களுக்குக் குடியிருக்க வீடு இல்லாத பகுதி அது.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம். ஸ்காட்லாந்தில் பொறுப்போடு நடந்துகொள்ளும் யாரும் எந்த நிலத்திலும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். விதிவிலக்குகளில் முக்கியமானது, வீட்டைச் சுற்றி அங்கே குடியிருப்பவரின் அந்தரங்கத்துக்குத் தேவையான இடம். அதாவது இந்தக் கேட் காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் போகிறவர்களைத் தடுக்க முடியாது. பாலத்தைத் தாண்டி எஸ்டேட் பாதையில் தாராளமாக நடக்கலாம், மான் வேட்டை நாட்களில் மட்டும் அறிவிப்புப் பலகையைப் பார்த்து வழியை மாற்றிக்கொள்வது நல்லது. கார் உள்ளே போக முடியாது, அந்த உரிமை மோட்டார் வண்டிக்கு இல்லை. வாயில் வீட்டின் ஜன்னலில் எட்டிப் பார்க்கவும் உரிமை இல்லை, உள்ளே யாராவது வாரக் கணக்கில் வாடகை கட்டிக்கொண்டு காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.